ஆவுடையப்பன் திருத்திய பிரதி

பொற்கொடிக்கு அவள் அப்பா கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலில் மூன்றே சொற்கள் இருந்தன. "திருத்தி அனுப்பியிருக்கிறேன். பார்."

கூடவே அவள் எழுதிய புத்தகத்தின் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. 'கோமதி டீச்சர்' என்று பெயர். அம்மாவைப் பற்றியது. நூற்று நாற்பது பக்கம். கோயம்புத்தூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடம் எழுதி, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். பதில் வந்த அன்று மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடத் திறக்காமல் அந்தக் கோப்பைத் திறந்தாள். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை. கண்ணை நம்பாமல், தன்னிடம் இருந்த பிரதியோடு ஒப்பிட்டுக் காட்டும்படி கணினியைக் கேட்டாள். வித்தியாசம் எதுவும் இல்லை என்றது.

ஆவுடையப்பன் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்துபவராக இருந்தவர். கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நாளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒற்றுப்பிழையைப் பார்ப்பார். மருந்துச் சீட்டைக்கூடப் பேனாவோடுதான் படிப்பார். அப்படிப்பட்டவர் நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு பிழையும் காணவில்லை என்றால், ஒன்று அவர் படிக்கவே இல்லை. இல்லையென்றால் படித்துவிட்டு, இதில் எதையும் தொட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். பொற்கொடிக்கு இரண்டாவதுதான் என்று பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு நாள் அவருக்குப் போன் செய்யாமல் இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, அப்பா குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ரஹ்மத் அக்கா கூப்பிட்டாள். "பொற்கொடி, பதறாம கேளு. அப்பா குளிக்கப் போன இடத்துல விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டோம். நீ கெளம்பி வா."

மூளையின் இடதுபக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. உயிர் தப்பியது. வலதுகையும் வலதுகாலும் விழுந்துவிட்டன. அவற்றோடு பேச்சும் போயிற்று.

"நாம சொல்றது அவருக்குப் புரியும்," என்றார் டாக்டர். "அவருக்குச் சொல்லத்தான் வராது. படிக்கவும் எழுதவும் இனிமே முடியாது. தலையாட்டுறதையும் ரொம்ப நம்பாதீங்க. இல்லைன்னு நினைச்சு ஆமான்னு ஆட்டுவாரு. அதுவும் அவருக்கே தெரியும், அதான் கஷ்டம்."

பொற்கொடி நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அப்பாவோடு தங்கினாள். ஐந்து வாரம் போயிருக்கும். ஒருநாள் ரஹ்மத் அக்கா நோன்புக் கஞ்சி மாதிரி நெகிழக் காய்ச்சிய கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கணினியைப் பார்த்தாள்.

"ஒன் பொஸ்தகத்தை நாலு நாளா எப்படிப் பாத்தாங்க தெரியுமா? சாப்பாட்டை மேல கொண்டாந்து வச்சா வச்ச மேனிக்கு இருக்கும். கம்ப்யூட்டரை அணைக்கவே விடல. கரெண்டு போயிருமோன்னு எங்க வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து வயர் இழுத்துத் தரச் சொன்னாங்க."

"நாலு நாளா?" என்றாள் பொற்கொடி.

"ஆமா. முடிச்சுட்டு வந்து எங்கிட்ட, அனுப்பிட்டேன் ரஹ்மத்துன்னு சொன்னாங்க. மொகத்துல அப்படியொரு நிம்மதி. அதுக்கப்புறம்தான் தெனமும் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. யாரு கூப்பிடணும்னு கேட்டேன், சும்மான்னாங்க."

பொற்கொடி கஞ்சியை அப்பாவுக்குக் கரண்டியால் ஊட்டினாள். அவர் ஒழுங்காக விழுங்கினார். 

மறுநாள் அவள் அந்தக் கணினியை ஒரு பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் இருந்த எழுத்து மீட்பகத்துக்குப் போனாள். செல்போன் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. எப்சிபா என்ற பெண் நடத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கணினியைப் பிரித்துப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம்.

"இந்த மாதிரி மிஷினெல்லாம் இன்னும் இருக்காக்கா? இப்ப எல்லாரும் எழுதுறது எழுத எழுத நெட்டுல ஏறிப் பத்திரமாயிருது. தொலைக்கணும்னு நினைச்சாக்கூடத் தொலைக்க முடியாது. இது பதினஞ்சு வருசப் பழசு." ஒரு மணி நேரம் எதையெதையோ பார்த்துவிட்டுத் திரும்பினாள். "என்ன நடந்துருக்குன்னா, அப்பா மெயில்ல வந்த ஃபைலைத் தனியா இறக்கி வச்சுக்கல. மெயில்ல இருந்தே நேராத் தொறந்துருக்காங்க. அப்படித் தொறந்தா இந்தப் பழைய மிஷின் ஒரு தற்காலிக நகல் எடுத்து, யாரும் போகாத ஒரு மூலையில வச்சு, அதைத்தான் நமக்குக் காட்டும். நாம அதுலதான் எழுதுவோம். சேமின்னு சொன்னா சேமிக்கும். எல்லாம் சரியா நடக்குற மாதிரிதான் இருக்கும். நாம வேலையை முடிச்சு மூடினதும் அந்த மூலையைக் கூட்டித் தள்ளிரும்."

"அப்ப எனக்கு வந்தது?"

"மெயிலோட இருந்தது. நீங்க அனுப்புனது அப்படியே உங்களுக்குத் திரும்பி வந்துருக்கு. தான் திருத்தினதுதான் போகுதுன்னு அப்பா நினைச்சிருப்பாங்க." எப்சிபா திரையைக் காட்டினாள். "வேலை பாத்த கணக்கு மட்டும் இருக்கு. முப்பத்தோரு மணி நேரம். நானூறு தடவைக்கு மேல சேமிச்சிருக்காங்க."

பொற்கொடி பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பதினோரு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தது எதற்கு என்று இப்போது முழுதாக விளங்கியது.

"அதைத் தேடி எடுக்க முடியுமா?"

"இப்ப யாருக்கா தேடுறாங்க? நிரப்பிருவோம்," என்றாள் எப்சிபா.

நிரப்பி என்ற கருவி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒருவர் எழுதியதையெல்லாம் அதற்குப் படிக்கக் கொடுத்தால், தொலைந்துபோன இடத்தில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று அது எழுதித் தந்துவிடும். முதலில் பரீட்சைத் தாள்களுக்கும் அலுவலகக் கடிதங்களுக்கும் பயன்பட்டது. பிறகு பத்திரங்கள், வாக்குமூலங்கள், உயில்கள் என்று வந்தது. அவர் எழுதும் முறையோடு தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் அதுதான் அசல் என்று சட்டமும் வந்துவிட்டது.

"அப்பாவோட பழைய திருத்தங்கள் ஏதாவது கிடைக்குமாக்கா?" என்றாள் எப்சிபா.

அச்சகத்தில் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டு வருடத் திருத்தங்கள். எப்சிபா அதையெல்லாம் வாங்கி நிரப்பிக்குக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டபோது அவள் குரலில் உற்சாகம் இருந்தது. "தொண்ணூத்தொன்பது புள்ளி ரெண்டு வந்துருக்குக்கா. நான் பாத்ததிலேயே இதுதான் அதிகம். இவ்வளவு ஒழுங்கான மனுசனை இந்த மிஷினும் பாத்துருக்காது."

பொற்கொடி மீட்பகத்திலேயே உட்கார்ந்து அந்தப் பிரதியைப் படித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள். ஒவ்வொன்றிலும் அப்பா இருந்தார். 'ஒரு ஊரில்' என்று அவள் எழுதியதெல்லாம் 'ஓர் ஊரில்' என்று மாறியிருந்தது. ஒரே பக்கத்தில் 'மெல்ல' மூன்று முறை வந்ததற்கு ஓரத்தில் 'கவனிக்க' என்று ஒற்றைச் சொல். அம்மா விளையாட்டு ஆசிரியை. மைதானத்தில் விசில் ஊதிய கையோடு வீட்டுக்கு வந்து அடுக்களையிலும் விசில் ஊதுவாள் என்று எழுதியிருந்த இடத்தில், 'குக்கர் ஊதியதா, கோமதி ஊதினாளா? தெளிவில்லை' என்று ஒரு குறிப்பு. பொற்கொடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்பா அப்படித்தான் எழுதுவார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதுவார்.

பிறகு தொண்ணூற்றேழாம் பக்கத்துக்கு வந்தாள். அம்மா இறந்த நாள். அதில் ஒரு வரி. 'சென்னையிலிருந்து அப்பா வந்த ரயில் அன்று ஒன்பது மணிநேரம் தாமதம்.'

நிரப்பி அந்த வரியிலும் ஒரு திருத்தம் செய்திருந்தது. 'மணிநேரம்' என்பதை 'மணி நேரம்' என்று பிரித்திருந்தது. அவ்வளவுதான்.

அவள் அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"சான்றிதழ் போட்டுரட்டுமாக்கா?" என்று எப்சிபா கேட்டாள். "போட்டுட்டா மிச்சத்தை அழிச்சிருவேன். ஒரு ஆவணத்துக்கு ரெண்டு அசல் இருக்கக் கூடாதுல்ல."

"மிச்சமா? எல்லாம் போயிருச்சுன்னு சொன்னீங்க."

"கூட்டித் தள்ளினாலும் அங்கங்க தூசி ஒட்டிக்கிட்டு இருக்கும்லக்கா, அது மாதிரிதான். மிஷினுக்குள்ள இருக்கற வட்டைப் பிரிச்சுத் துழாவினா கொஞ்சம் கெடைக்கும். முப்பது சதவீதம் கெடைச்சாப் பெரிய விசயம். மூணு நாலு வாரம் ஆகும். அதுக்கப்புறம் நிரப்பினதை நீங்க வாங்க முடியாது. துழாவினதை நிரப்பக் கூடாது, நிரப்பினதைத் துழாவக் கூடாது. சட்டம் அப்படி."

வெளியே படிக்கட்டில் நின்று பொற்கொடி பதிப்பாளருக்குப் போன் செய்தாள். நிரப்பிய பிரதியை மீட்பகத்திலிருந்து அவருக்கும் முன்னோட்டமாக அனுப்பியிருந்தார்கள். அவர் ஏற்கெனவே படித்து முடித்திருந்தார்.

"இவ்வளவு சுத்தமாத் திருத்தி வந்திருக்கும்போது எதுக்கும்மா அதைப் போட்டுக் கிளறணும்? இன்னைக்கு உங்கப்பாவே நல்லா இருந்து உட்கார்ந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாரு. எனக்கு அவரை முப்பது வருசமாத் தெரியும்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள்.

அவள் திரும்பி உள்ளே வந்தபோது எப்சிபா இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றி வைத்திருந்தாள். பொற்கொடி குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வரி பொய்," என்றாள்.

"எந்த வரிக்கா?"

"ரயில் லேட்டாகல."

இருபத்தாறு வருடத்தில் முதல்தடவையாக அதைச் சொன்னாள். எப்சிபா யாரோ ஒருத்தி என்பதால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ. அம்மாவுக்கு மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள். அப்பா அச்சக வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தவர், செய்தி கேட்டு இரவு ரயிலில் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. சித்திதான் கட்டிலருகில் இருந்தாள். பதினோரு மணிக்கு இளநீர் வாங்கி வரும்படி பொற்கொடியை அனுப்பினாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி நின்றால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பயணப்பை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, போனது. அவர் அப்படியே இருந்தார்.

"நான் இளநீரை வாங்கிக்கிட்டு மேல போயிட்டேன். அப்பா வந்தாச்சான்னு அம்மா கேட்டா. ரயில் லேட்டாம்மான்னு சொன்னேன். நாலு மணிக்கு அம்மா போயிட்டா. அஞ்சு மணிக்கு அப்பா வந்து நின்னாங்க. ஏன் அத்தான் இவ்வளவு நேரம்னு சித்தி அழுதா. அவங்க வாயைத் தொறக்கறதுக்குள்ள நானே சொன்னேன், ரயில் லேட்டு சித்தின்னு. அப்பா என்னைப் பாத்தாங்க. அதுக்கப்புறம் ஊரு பூரா, சொந்தக்காரங்க பூரா, ரயில் லேட்டுன்னு ஆயிப்போச்சு."

"அப்பாகிட்ட நீங்க கேட்டதே இல்லையா?"

"இல்ல. அவங்களும் சொன்னதில்ல. புத்தகத்துலயும் அதையே எழுதினேன். எழுதி அவங்களுக்கே அனுப்பினேன். இதையாவது திருத்துவாங்களான்னு பாக்கணும்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு இது. ஒண்ணுமே மாறாம திரும்பி வந்ததும், சரி, இதுதான் இவங்க முடிவுன்னு நினைச்சுட்டேன். கோவம். போன் பண்ணல."

எப்சிபா கேட்டாள். "அன்னைக்கு அவங்களைப் பாத்தீங்கல்லக்கா. ஏன் கூப்பிடல?"

பொற்கொடி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க சொல்லுங்க. எது நல்லதுன்னு உங்களுக்குத் தோணுது?"

"நான் சொல்லக் கூடாதுக்கா," என்றாள் எப்சிபா. பிறகு சொன்னாள். "போன வருசம் தூத்துக்குடியில இருந்து ஒருத்தர் வந்தாரு. அவரு கப்பல்ல இருந்தப்ப அவங்கம்மா எழுதின லெட்டர் அழிஞ்சுபோச்சு. அம்மாவும் எறந்துட்டாங்க. நிரப்பிக் குடுத்தேன். அவ்வளவு பிரியமான லெட்டர். எங்கம்மாவேதான்னு சொல்லி அழுதாரு. தெனம் ராத்திரி படிச்சுட்டுத்தான் தூங்குறேன்னு இப்பவும் மெசேஜ் போடுவாரு. அந்த லெட்டர்ல உண்மையிலேயே அவங்கம்மா எழுதினது பதினோரு வார்த்தை. சான்றிதழ்ல எத்தனை வார்த்தைன்னு போட வேண்டியதில்ல, சதவீதம் மட்டும் போட்டா போதும். அவரு நல்லாத்தான் இருக்காரு. அந்த மெசேஜ் வரும்போதெல்லாம் எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கும்."

"அந்தப் பதினோரு வார்த்தை என்ன?"

"அதைக் கேக்காதீங்க. அவருக்கே நான் சொல்லல."

கீழே செல்போன் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பொற்கொடி எழுந்து சேலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். "வட்டைப் பிரிச்சுருங்க," என்றாள்.

நான்கு வாரம் ஆயிற்று. அதற்குள் அப்பாவை இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைக்க முடிந்தது. இடதுகையால் டம்ளரைப் பிடிக்கப் பழகினார். பேச முயன்றால் ஏதோ ஒரு சத்தம் வந்து பாதியில் நிற்கும். அப்போது அவர் முகம் சுவரை நோக்கித் திரும்பிவிடும். பொற்கொடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை வாசித்துக் காட்டுவாள். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் திருத்தியது எனக்கு வந்து சேரவில்லை என்று சொல்லலாம். பலமுறை சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால், என்ன திருத்தினீர்கள் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். பதில் சொல்ல முடியாத மனுசனிடம் எப்படிக் கேட்பது?

எப்சிபா அழைத்தாள். "வாங்கக்கா. எதையும் எதிர்பாக்காம வாங்க."

இருபத்தொன்பது சதவீதம் கிடைத்திருந்தது. துண்டு துண்டாக. சில பக்கங்களில் ஒரு கால்புள்ளி மட்டும், சில பக்கங்களில் பாதிச் சொல். முதல் அத்தியாயத்தில் ஒன்றுமே இல்லை. குக்கர் குறிப்பு இல்லை. ஐம்பதாம் பக்கத்தில் ஓரிடத்தில் 'ஒரு ஊரில்' என்று அவள் எழுதியது அப்படியே இருந்தது. அப்பா அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தார்.

"அவ்வளவு ஒழுங்கா ஒண்ணும் பண்ணல அவங்க," என்றாள் எப்சிபா. "நிறையப் பிழையை விட்டுட்டாங்க. வேற எங்கயோ மனசு இருந்துருக்கு. முப்பத்தோரு மணி நேரத்துல இருபத்திரண்டு மணி நேரம் ஒரே பக்கத்துலதான் இருந்துருக்காங்க. எழுதி எழுதி அழிச்சுருக்காங்க. அதனாலதான் அந்தப் பக்கம் வட்டுல பல இடத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அது மட்டும் பெரும்பாலும் வந்துருச்சு."

தாளில் அச்செடுத்து வைத்திருந்தாள். நீட்டிவிட்டு, ஏதோ வேலை இருப்பது போலக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

ரயில் வரி அடிக்கப்பட்டிருந்தது. அதன் இடத்தில் அப்பா புதிதாக ஒரு பத்தி எழுதியிருந்தார். ஓரக்குறிப்பாக எழுதவில்லை. அவளுடைய புத்தகத்துக்குள், அவள் எழுதுவது போல, அவளுடைய 'நான்' ஆகவே எழுதியிருந்தார்.

'சென்னை ரயில் அன்று சரியான நேரத்துக்கே வந்துவிட்டது. அப்பா காலை எட்டு மணியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அவர்'

இங்கே நான்கு வரி அளவுக்கு வெற்றிடம். பிறகு தொடர்ந்தது.

'இளநீர் வாங்க வந்தபோது நான் அவரைப் பார்த்தேன். நான் திரும்பி நடந்த பிறகு அவர் நிமிர்ந்து, நான் படியேறுவதைப் பார்த்திருக்கிறார். எழுந்து வந்திருக்க வேண்டியவர் அவர்தான். நான் அவரைக் கூப்பிடாதது என் தவறு அல்ல. எனக்கு அப்போது பதினான்கு வயது.'

பொற்கொடி கடைசி இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இந்த வரிகளை அவள் எழுதவே இல்லை. மூன்று வருடம் உட்கார்ந்தும் அவளால் எழுத முடிந்திருக்காது. கூப்பிடாதது தன் மனதை உறுத்துவதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, எப்சிபா கேட்டபோதும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பார்த்ததும் தெரிந்திருக்கிறது, அதை இத்தனை காலம் அவள் என்னவென்று மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்திருக்கிறது.

எப்சிபா மேலே வந்து கதவருகில் நின்றாள். "நடுவுல அந்த நாலு வரி வரலக்கா. எவ்வளவோ பாத்தேன்." தயங்கிவிட்டுச் சொன்னாள். "சட்டப்படி செய்யக் கூடாது. ஆனா நீங்க கேட்டா அந்த நாலு வரிக்கு மட்டும் நான் நிரப்பியை ஓடவிட்டுத் தரேன். யாருக்கும் தெரியாது."

"வேண்டாம் எப்சிபா," என்றாள் பொற்கொடி. "இந்தப் பக்கத்தை எழுதினவங்களை அதுக்குத் தெரியாது."

ஆட்டோவில் வரும்போதே பதிப்பாளரைக் கூப்பிட்டாள். தொண்ணூற்றேழாம் பக்கம் மாறுகிறது, நடுவில் நான்கு வரி காலியாக விட வேண்டும் என்றாள்.

"அச்சுப்பிழைன்னு நினைப்பாங்களேம்மா. அந்த இருநூறு திருத்தமும் வேற வீணாப் போச்சு."

"மத்த பிழையெல்லாம் நானே உட்கார்ந்து பாத்துக்கறேன் சார். இது மட்டும் இப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு ஆகவில்லை. ரஹ்மத் அக்கா அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். பொற்கொடியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பூவை அள்ளிக்கொண்டு எழுந்து கீழே போனாள்.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். பொற்கொடி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, நீங்க திருத்தினது எனக்கு வந்து சேரவே இல்ல. பழசுதான் வந்துச்சு. அதனாலதான் நான் போன் பண்ணல. நீங்க ஒண்ணுமே மாத்தலன்னு நினைச்சுக்கிட்டேன். இன்னைக்குத்தான் கெடைச்சுது."

அவர் கண்கள் அவள் கையிலிருந்த தாளுக்கு வந்தன.

அவள் வாசித்தாள். நிறுத்தாமல், குரலைக் கூட்டாமல் குறைக்காமல், செய்தித்தாள் வாசிப்பது போலவே வாசித்தாள். வெற்றிடம் வந்தபோது, "இங்க நாலு வரி காணாமப் போச்சுப்பா," என்று சொல்லிவிட்டு மீதியை வாசித்தாள். முடித்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பார் என்று நினைத்தாள். திரும்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடதுகண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள்.

"நான் ஏன் கூப்பிடலன்னு சொல்லவா?" என்றாள். "பயம்பா. அன்னைக்குக் காலையிலேயே பெரியப்பா வந்துட்டாங்க, மாமா வந்துட்டாங்க, ஸ்கூல்ல இருந்து டீச்சருங்க எல்லாம் வந்துட்டாங்க. நீங்க ஒருத்தங்கதான் பாக்கி. நீங்களும் வந்துட்டா எல்லாரும் வந்தாச்சுன்னு ஆயிரும், அம்மா போயிருவான்னு நினைச்சேன். நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருக்கற வரைக்கும் அவ இருப்பான்னு நினைச்சேன். அதான் பேசாம மேல ஏறிப் போயிட்டேன்."

அப்பாவின் வாய் அசைந்தது. சத்தம் வந்தது, பாதியில் நின்றது. மறுபடி முயன்றார். அவள் பொறுத்திருந்தாள். அவர் அதை விட்டுவிட்டு இடதுகையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினார். என்ன வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. தண்ணீரா என்றாள். தலையணையைச் சரிசெய்யவா என்றாள். அவர் தலையை ஆட்டவில்லை. கையை ஊன்றி இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தினார். மூச்சு வாங்கிற்று. சற்று ஓய்ந்தார். மறுபடி ஊன்றி இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். விழுந்துபோன வலதுகால் இருந்த இடத்திலேயே கிடந்தது. அதை இடதுகையால் வேட்டியோடு சேர்த்துப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் உதவிக்கு எழுந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தானே செய்தார். சுவரில் தோள் இடிக்கும் வரை நகர்ந்துபோய், கட்டிலில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அந்த இடத்தில் தன் இடதுகையை வைத்தார்.

பொற்கொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தாள்.